மகள் எழுதிய ஸ்கிரிப்ட் மகளின் வேலையைப் பறிக்குமா?

ஐயா,

உங்கள் பயம் புரிகிறது. மகள் கணினி அறிவியல் கடைசி ஆண்டு. இன்டர்ன்ஷிப்பில் கிடைத்ததோ இணையப் படிவங்களை டேட்டாபேஸோடு (தகவல் சேமிக்கும் இடத்தோடு) இணைக்கும் வேலை. சலிப்பாக இருக்கிறதென்று அவரே ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதி, பெரும்பகுதி தானாக நடக்கும்படி செய்துவிட்டார். அதை வீட்டில் சந்தோஷமாகச் சொல்ல, உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. தன் வேலையைத் தானே இல்லாமல் செய்துகொண்டால் நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு, சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிக்கிறார்களாம், மகளையும் அதற்கு அனுப்பட்டுமா என்றும் கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் உள்ள பெட்டியை அட்டவணையில் உள்ள புலத்தோடு (நெடுவரிசையோடு) ஒவ்வொன்றாகக் கையால் கோத்துவிடும் வேலைக்கு எதிர்காலம் கிடையாது. அதை ஒழித்தவர் உங்கள் மகள் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அது தேயத் தொடங்கிவிட்டது. 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் முறையை முன்வைத்தார். அட்டவணைக்கு ஒழுங்கான வரையறை இருந்தால், அந்த வரையறையைப் படித்தே திரையில் படிவத்தை வரவழைத்துவிடலாம் அல்லவா? 1980களிலேயே ஆரக்கிள் நிறுவனம் அப்படி ஒரு கருவியை விற்றது. 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில், அட்டவணையைக் காட்டினால் படிவத்தைத் தயார் செய்து கொடுக்கும் 'விசார்டு' இருந்தது. ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு 2001-இல் ஹைபர்னேட், பிறகு 2004-இல் ரூபி ஆன் ரெயில்ஸ், 2005-இல் ஜாங்கோ என்று இந்த இணைப்பு வேலையைக் குறைக்கும் நிரல் கருவிகள் வந்தன. ஜாங்கோவில் ஒரு பொருளின் புலங்களை ஒருமுறை விவரித்துவிட்டால் அட்டவணை, படிவம், அடிப்படைச் சரிபார்ப்பு மூன்றும் அதிலிருந்தே வந்துவிடும். ஆக, உங்கள் மகள் செய்திருப்பது பழைய பாதையில் ஒரு நல்ல நடை. அவரை யாரும் தடுக்க வேண்டாம்.

சரி, இத்தனை கருவிகள் வந்த பிறகும் இந்த வேலைக்கு ஏன் ஆள் எடுக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் உங்கள் கவலை பாதி குறையும். அதனால் கொஞ்சம் தொழில்நுட்பமாகப் பேசப் போகிறேன். மகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

படிவம் பேசும் மொழி வேறு, டேட்டாபேஸ் பேசும் மொழி வேறு. சாதாரணப் படிவத்திலிருந்து வருவதெல்லாம் வெறும் எழுத்துச் சரங்கள், அதாவது எழுத்துகளின் தொடர்கள். எண், தேதி, ஆம்/இல்லை என்ற பாகுபாடு அங்கே இல்லை. டிக் செய்யாத செக்பாக்ஸ் 'இல்லை' என்று கூடச் சொல்லாது, அந்தப் பெயரே வந்து சேராது. இது தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்ட், பயனர் டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தாலும் பழைய 'ஆம்' என்பதையே வைத்திருக்கும். செய்தி அனுப்ப வேண்டாம் என்று எடுத்துவிட்டவருக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் திரையில் வராது என்பதுதான் இதில் மோசம்.

காலியாக விட்ட பெட்டியும் அப்படித்தான். அது 'ஒன்றும் எழுதவில்லை' என்பதா, 'தெரியாது' என்பதா, 'இவருக்குப் பொருந்தாது' என்பதா? போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் காலிச் சரத்தையும் 'நல்' (மதிப்பே இல்லை) என்பதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஆரக்கிள் காலிச் சரத்தை 'நல்' ஆகவே எடுத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவலை மாற்றும்போது இந்த வித்தியாசம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். அழிந்தால் பரவாயில்லையா என்று முடிவு செய்ய, அந்தப் புலம் எதற்காக வைக்கப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது எந்த ஸ்கிரிப்டுக்கும் தெரியாது, யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

தமிழ் படிக்கிறவர்களுக்கு நன்றாகப் புரியும் ஓர் உதாரணம். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் ஐந்து குறியீடுகள். அவற்றைக் கணினியில் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட் (சேமிப்பு அளவின் சிறு அலகு). இப்போது படிவத்தில் பெயருக்கு 20 என்று வரம்பு வைத்து, ஆரக்கிள் அட்டவணையிலும் 20 என்று வைத்தால் இரண்டும் பொருந்துகின்றன என்று தானியங்கிக் கருவி சொல்லும். ஆனால் படிவம் எண்ணுவது குறியீடுகளை. ஆரக்கிள் இயல்பாக எண்ணுவது பைட்டுகளை. அந்த 20 பைட்டில் ஆறு தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் அடங்காது. ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்துவிட்டு 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்ட குழு, முதல் தமிழ்ப் பெயர் வந்ததும் மாட்டிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அதே 20 என்பது குறியீட்டுக் கணக்கு, அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஒரே எண், இரண்டு அர்த்தம். இதைக் கவனித்துச் சொல்லும் ஆளுக்குத்தான் சம்பளம்.

எல்லாவற்றையும் தானாக இணைத்துவிடுவதில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. 2012 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நடந்ததை மகள் கேள்விப்பட்டிருக்கலாம். படிவத்திலிருந்து எந்தப் பெயரில் எது வந்தாலும் அதே பெயருள்ள புலத்தில் போட்டுவிடும் வசதி, கிட்ஹப்பைக் கட்டப் பயன்பட்ட ரெயில்ஸில் இருந்தது. ஒரு பயனர், படிவத்தில் இல்லாத ஒரு புலத்தைத் தானே சேர்த்து அனுப்பினார். அதன் மூலம் தன் அனுமதிச் சாவியை ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கோடு சேர்த்துக்கொண்டு, அந்தத் திட்டத்தின் நிரல் களஞ்சியத்திலேயே மாற்றம் செய்து காட்டினார். இதற்கு 'மாஸ் அசைன்மென்ட்' என்று பெயர். 2013-இல் வந்த ரெயில்ஸ் 4-இல், எந்தெந்தப் புலங்களைப் படிவத்திலிருந்து ஏற்கலாம் என்று நிரலாளரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற முறை இயல்பானதாக ஆக்கப்பட்டது. அதாவது, தானியங்கியின் நடுவே ஒரு மனிதத் தீர்மானத்தை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்கள் மகளின் ஸ்கிரிப்டில் அந்த அனுமதிப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையில் பயனர் எழுதியதை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது, தனி அளபுருவாகத்தான் (கட்டளையோடு கலக்காத தனி மதிப்பாக) அனுப்ப வேண்டும். இது அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் கேட்டு வையுங்கள்.

கருவி தானாகவே 'உதவி' செய்யப் போய் என்ன ஆகும் என்பதற்கு எக்செல் ஓர் உதாரணம். மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச்1, செப்ட்1 என்ற வடிவில் இருந்தன. தாளில் இட்டதும் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடும். ஆய்வுக் கட்டுரைகளோடு வந்த அட்டவணைகளிலேயே இந்தப் பிழை பரவிக் கிடந்தது. கடைசியில் பெயரிடும் குழு 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருளுக்காக மரபணு பெயர் மாற்றிக்கொண்ட கதை! முன்னால் சைபர் உள்ள அஞ்சல் குறியீட்டை எண்ணாகச் சேமித்து அந்தச் சைபரை இழப்பதும் இதே வகைதான்.

இப்போது ஏஐ விஷயத்துக்கு வருவோம். ஒரு பக்கம் 'பிறந்த தேதி', மறுபக்கம் 'டிஓபி' என்று இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று இன்றைய மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவை) நன்றாகவே ஊகித்துவிடும். இணைப்புப் பட்டியலின் முதல் வரைவை அவற்றிடம் கேட்பதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் மகளை அப்படிச் செய்யத்தான் சொல்வேன். ஆனால் இரண்டு பக்கமும் 'தொகை' என்றே பெயர் இருந்து, ஒன்றில் வரி சேர்ந்தும் மற்றதில் சேராமலும் இருந்தால்? 03/04 என்பது ஒரு மூலத்தில் மார்ச் 4, இன்னொன்றில் ஏப்ரல் 3 என்றால்? பெயர் ஒத்துப்போவதால் பொருளும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடிக்க, கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் கேட்க வேண்டும். கூச்சமில்லாமல் கேட்கத் தெரிவது இந்தத் தொழிலில் பெரிய தகுதி. பாடத்திட்டத்தில் அது இருக்காது.

ஆகவே நீங்கள் மகளிடம் சொல்ல வேண்டியது 'ஸ்கிரிப்டை நிறுத்து' என்பதை அல்ல. 'அது எங்கெங்கே தப்பு செய்யும் என்று உனக்குத் தெரியுமா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் உதாரணத்தோடு பதில் சொன்னால், வேலையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

இனி அவருக்கே நேரடியாகச் சில வார்த்தைகள்.

அம்மா, கல்லூரி இறுதித் திட்டத்துக்கு வேறு எதையும் தேடாதே, இதையே வளர்த்தெடு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றில் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்று ஒரு பகுதி உண்டு. எந்த அட்டவணையில் என்ன புலம், என்ன வகை, எவ்வளவு நீளம், காலியாக விடலாமா என்பதையெல்லாம் டேட்டாபேஸே அங்கே சொல்லும். அதைப் படித்துப் படிவம் உருவாக்கு. கட்டாயப் புலம் என்றால் கட்டாயப் பெட்டி, வேறு அட்டவணையைச் சுட்டும் புலம் என்றால் தேர்வுப் பட்டியல். முதல் நாளே அழகாக வேலை செய்யும். பிறகு ஒரு லட்சம் வரிகள் உள்ள அட்டவணையைச் சுட்டிப் பார். அவ்வளவும் தேர்வுப் பட்டியலில் வந்து நிற்கும், பக்கமே திறக்காது. தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பெட்டி தேவை என்பது அப்போது உனக்கே தோன்றும்.

அடுத்து, ஒரே படிவத்திலிருந்து மூன்று அட்டவணைகளுக்குத் தகவல் போகும் நிலையை எடுத்துக்கொள். ஆர்டர் ஒன்று, அதில் பல பொருள்கள், புதிய வாடிக்கையாளர் ஒருவர். எதை முதலில் எழுதுவது? நடுவில் ஒன்று தோற்றால் எழுதியதையெல்லாம் திரும்ப எடுப்பது எப்படி? இரண்டு பேர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால் யாருடையது நிற்கும்? ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் வைத்து, சேமிக்கும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. இந்தப் பகுதியில் ஒரு மாதம் செலவழித்தாலும் நஷ்டமில்லை. நேர்முகத் தேர்வில் உன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப் போவது இதுதான்.

எந்தப் புலம் எதனோடு இணைகிறது என்ற பட்டியலை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வை. நிரல் தெரியாத ஒருவர் அதைத் திறந்து 'இந்த வரி தப்பு' என்று சொல்லும்படி இருக்க வேண்டும். சோதனைத் தகவலில் தமிழ்ப் பெயர், ஒற்றைச் சொல் பெயர், குடும்பப் பெயரே இல்லாதவர், எமோஜி, காலிப் பெட்டி எல்லாம் இருக்கட்டும். கருவிகள் எழுதித் தரும் எஸ்கியூஎல் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) கட்டளையை ஒருமுறையாவது கண்ணால் படி. ஜாங்கோ, பைதான் நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் எஸ்கியூஎல்ஆல்கெமி இரண்டிலும் அதைப் பார்க்க வழி இருக்கிறது.

நிறுவனத்தில் இந்த ஸ்கிரிப்டைப் பற்றி மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் உடனே சொல்லிவிடு. ஒளித்து வைத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தில் சும்மா இருப்பது பிற்பாடு தெரியவரும், அப்போது பெயர் கெடும். உண்மையான வாடிக்கையாளர் தகவலை உன் சொந்த மடிக்கணினிக்கோ ஏஐ அரட்டைப் பெட்டிக்கோ கொண்டுபோகாதே. கல்லூரித் திட்டத்துக்கு நிறுவனத்தின் நிரலை அப்படியே எடுக்காமல், கற்பனைத் தகவலை வைத்து முதலிலிருந்து எழுது. சுயவிவரத்தில் 'படிவ மேப்பிங்கைத் தானியங்கி ஆக்கினேன்' என்று மட்டும் போட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எந்த வகைப் பிழைகள் வந்தன, எதைக் கருவியிடம் விட்டாய், எதை மனிதர் பார்க்கும்படி வைத்தாய் என்று எழுது.

மறுபடி உங்களிடம், ஐயா. இந்த அனுபவத்தோடு பேக்கெண்ட் டெவலப்பர் (திரைக்குப் பின்னால் ஓடும் நிரலை எழுதுபவர்), டேட்டா இன்ஜினியர் (தகவலைச் சேர்த்து ஒழுங்குபடுத்துபவர்), பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தகவலை மாற்றும் மைக்ரேஷன் பணி, பல மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் இன்டக்ரேஷன் பணி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். என் கணிப்பில், ஏதாவது ஒரு துறையின் தகவலை ஆழமாகத் தெரிந்துகொண்டவருக்கு மதிப்பு இன்னும் கூடும். மருத்துவத் தகவலைப் பரிமாறிக்கொள்ள 'ஃபயர்' என்ற தரநிலை இருக்கிறது, பணப் பரிமாற்றச் செய்திகளுக்கு ஐஎஸ்ஓ 20022 இருக்கிறது. இவற்றில் ஒன்றை எடுத்துப் பழகினாலும் போதும், இரண்டையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். ஏதோ ஒரு தனியார் கருவிக்கான சான்றிதழ் வகுப்புக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். வேலைக்குச் சேரும் இடத்தில் அந்தக் கருவி இருந்தால் பெரும்பாலும் அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள்.

ஏஐ படிக்க அனுப்பட்டுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இன்றைக்கு ஆம், இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதிரிகளைப் பழக்குவதற்கு முன் தகவலைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்துவதில்தான் அந்தத் துறையினரும் நிறைய நேரம் செலவிடுகிறார்கள், அந்தப் பழக்கம் மகளுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. இன்டர்ன்ஷிப் முடியட்டும், மூன்று அட்டவணைத் திட்டமும் ஓடட்டும். அதன் பிறகு அவருக்குப் புள்ளியியலும் கணிதமும் பிடிக்கிறதா, இல்லை மென்பொருள் கட்டுவதுதான் பிடிக்கிறதா என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.