கிணற்றில் முங்கிப் பழகியவர்களுக்கு ஸ்கூபா: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் போய் ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் முங்குவது) பழக நினைப்பவர்கள் கேட்டவை.

பாலக்கோடு: அண்ணா, எங்க கிணற்றில் முப்பதடி தம் கட்டி முங்கி அடிமண் எடுத்து வருவேன். ஸ்கூபா எனக்குச் சுலபம்தானே?

தண்ணீர்ப் பயம் இல்லாதது உங்கள் பலம், தம்பி. தம் கட்டும் பழக்கம்தான் ஆபத்து. கரையில் 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு 10 மீட்டர் முங்கினால், அழுத்தம் இரட்டிப்பாகி அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் பழையபடி 6 ஆகும். அதனால் கிணற்றில் உங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஸ்கூபாவில் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி, அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும். 10 மீட்டரில் 6 லிட்டர் இழுத்து, தம் கட்டியபடி மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும், குமிழ்கள் இரத்தத்தில் புகுந்து மூளை வரை போகும். இது நடக்க ஒன்றரை மீட்டர் ஆழம்கூடப் போதும். ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினாலும் ‘ஆ...’ என்று மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டே தேடி எடுங்கள். ஒருபோதும் தம் கட்டாதீர்கள்.

ஊத்தங்கரை: ஒரு சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும்?

ஆழத்தைப் பொறுத்தது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்த அளவு; கரையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்) என்றால் 2200 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாகத் தொடாமல் விட்டால் மிச்சம் 1650. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், அழுத்தம் மும்மடங்கான 20 மீட்டரில் 60 இழுப்பார். அப்படியானால் 27 நிமிடம். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் குறையும். ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். அதற்கும் காற்று வேண்டும்.

இறங்குமுன் அழுத்தமானியைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. மேலே நன்றாக வரும் காற்று ஆழத்தில் திணறும்.

காவேரிப்பட்டணம்: நாங்கள் பஞ்சர் கடை கம்பிரஸரில் ஓஸ் மாட்டி, கிணற்றில் முங்கி மோட்டார் எடுக்கிறோம். இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

அது டயருக்குக் காற்றடிக்கும் எந்திரம். அதன் எண்ணெய்ப் புகை காற்றோடு கலந்து நுரையீரலுக்குள் போகிறது. டீசல் எஞ்சின் பக்கத்தில் ஓடினால் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு வாசனை கிடையாது. ஆள் சத்தமின்றி மயங்கிவிடுவார். பெல்ட் அறுந்தாலோ ஓஸ் மடங்கினாலோ கையிருப்புக் காற்று ஒரு மூச்சுகூட இல்லை.

காவேரிப்பட்டணம்: எங்கள் கிணற்றில் தண்ணீரே பத்தடிதான்.

பத்தடி என்றால் 3 மீட்டர், அழுத்தம் 1.3 மடங்கு. ஓஸில் 6 லிட்டர் இழுத்துவிட்டு, பயந்து தம் கட்டி எகிறினால் 7.8 லிட்டர் ஆகும். நெஞ்சில் அதற்கு இடமில்லை. தயவுசெய்து நிறுத்துங்கள்.

காரிமங்கலம்: மோட்டாரை எப்படித்தான் எடுப்பது?

இறக்கும்போதே மோட்டாரில் நைலான் கயிறு கட்டி, மறுமுனையை மேட்டில் முடிந்து வையுங்கள். எடுக்கும்போது ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, செயின் பிளாக்கில் தூக்குங்கள். யாரும் முங்கவே வேண்டாம்.

ஓசூர்: ஞாயிறு காலை புதுச்சேரியில் இரண்டு டைவ், மாலையே காரில் வீடு. சரியா?

சரியில்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். முங்கியபோது அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் அப்போது குமிழாகும். விமானம் ஏறுமுன் ஒரு டைவுக்கு 12 மணி நேரம், பல டைவுக்கு 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் நெறி, 600 மீட்டருக்கு மேலுள்ள ஊருக்குக் காரில் ஏறுவதற்கும் பொருந்தும். சனியன்று முங்கி, ஞாயிறு மதியம் கிளம்புங்கள். அந்தமானிலிருந்து பெங்களூருக்குப் பறப்பவர்களுக்கும் இதேதான்.

அரூர், மொரப்பூர், பர்கூர்: நீச்சல் தெரியாது, முடியுமா?

மூவருக்கும் ஒரே பதில்: பயிற்றுநர் பிடித்துக் கூட்டிப்போகும் அறிமுக டைவ் முடியும். சான்றிதழுக்கு 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிட மிதப்பும் வேண்டும். முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.

பென்னாகரம்: ஒகேனக்கல்லில் முங்கலாமா?

வேண்டாம். இழுப்பும் பாறையிடுக்கும் உள்ள ஆறு அது.

தருமபுரி: வீசிங் உண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் எழுதித் தராமல் இறங்காதீர்கள்.

சூளகிரி: காற்றை மிச்சம் பிடிக்கக் கொஞ்சமாவது தம் கட்டலாமா?

கூடாது. பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள். காற்று மிச்சமாக வேண்டுமானால், முங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடை கூடுதலாக இல்லாமல் சரிபாருங்கள். மிதவைச் சட்டையை (காற்றடைத்து மிதக்க உதவும் சட்டை) காலியாக்கி, சாதாரண மூச்சோடு அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் இறங்க வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்திருந்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள்; தீரும் தறுவாயில் அது அவ்வளவு எடை இழக்கும்.