வீட்டில் ரைட் செய்த டிவிடியைக் காப்பி எடுத்தால் சில பிளேயரில் மட்டும் ஓட மறுப்பது ஏன்?

கல்யாண டிவிடியைக் காப்பி எடுத்தேன், என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது, மாமனார் வீட்டு பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்கிறது, தப்பு என் மேலா டிஸ்க் மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். 'மாமனார் வீட்டு' என்ற சொல்லைப் பார்த்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதே பொல்லாப்பில் எட்டு மாதம் கிடந்தவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தத் துறை ஆள் இல்லை. செங்கோட்டைப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள். 'இந்தக் காலத்தில் எவன் டிவிடி பார்க்கிறான், பென் டிரைவில் போட்டுக் கொடு' என்று எழுத வருகிறவர்கள், எழுபது வயதுப் பெரியவர் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

அக்கா கல்யாணம் 2007-இல் செங்கோட்டையில் நடந்தது. அத்தான் வீடு ஆரியங்காவு. எல்லைக்கு அந்தப் பக்கம் என்றாலும் வீட்டில் தமிழ்தான். ஸ்டுடியோக்காரர் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என இரண்டு டிஸ்க் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததைப் புனலூர்ச் சொந்தம் வாங்கிக்கொண்டு போனது, போனதுதான். அத்தான் போன் செய்தார்: "மாப்ளே, ஒங்கிட்டதான் ரைட்டர் இருக்குல்லா, ஒரு அஞ்சு காப்பி போட்டுக் குடு." அப்போதுதான் கம்ப்யூட்டரில் டிவிடி ரைட்டர் மாட்டியிருந்தேன். பெருமை தாங்கவில்லை.

முதல் தடவை செய்தது சிறுபிள்ளைத்தனம். டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருந்த, படமும் ஒலியும் அடங்கிய விஓபி ஃபைல்களை மட்டும் இழுத்து வெற்று டிஸ்க்கில் போட்டு ரைட் செய்தேன். டிஸ்க்கை மூடவும் இல்லை, அதாவது ஃபைனலைஸ் செய்யவில்லை. கம்ப்யூட்டருக்கு அது போதும். பிளேயருக்குப் போதாது. அது 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரைத் தேடும், அதற்குள் எது எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைல்களைத் தேடும். நீங்கள் விண்டோஸில் நேரடியாக ரைட் செய்திருந்தால், 'யூஎஸ்பி பிளாஷ் டிரைவ் போல' வேண்டுமா, 'சிடி டிவிடி பிளேயரில் ஓடும்படி' வேண்டுமா என்று அது கேட்டிருக்கும். முதலாவதைத் தொட்டிருந்தால் உங்கள் கதையும் இதேதான். இரண்டாவதைத் தொட்டாலும் முழு நம்பிக்கை கிடையாது. இம்க்பர்ன் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் டிஸ்க் முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து, அதை அப்படியே ரைட் செய்வதுதான் நேர் வழி. சினிமா டிஸ்க்குகளில் பூட்டு இருக்கும், அது வேறு கதை, என்னிடம் கேட்காதீர்கள்.

இரண்டாவது தடவை அதைத்தான் செய்தேன். டிஸ்க்குகளை உறையில் போட்டதும் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நின்றார். பத்திரிகை, புது நோட்டு என எதுவானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் வீட்டை விட்டு அனுப்பமாட்டார். டிஸ்க்குக்கு மூலை கிடையாது என்பதால் தப்பித்தது. உறைக்குத் தடவினார்.

அப்போது அந்த வழியில் மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2010-இல் நிறுத்தினார்கள், அகலப் பாதையாக முழுதும் திறக்க 2018 ஆகிவிட்டது. அதில் ஏறிப் போனேன். பையில் எழுத்தில்லாத ஐந்து டிஸ்க். திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் போடலாம் என்று 2004-இலேயே தமிழ்நாட்டில் கொண்டுவந்துவிட்டார்கள். யாராவது பையைத் திறக்கச் சொன்னால் அக்காவின் தாலி கட்டைக் கம்பார்ட்மென்டில் ஓட்டிக் காட்டவா முடியும்?

அத்தான் வீட்டில் போட்டால் 'நோ டிஸ்க்'. உங்களுக்கு வந்த அதே இரண்டு சொல். அது அத்தானின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேயர். ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடாமல் தடுக்கும் ரீஜன் பூட்டாக இருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் ரைட் செய்யும் டிஸ்க்கில் பொதுவாக அதெல்லாம் இருக்காது. ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடியில் பிளஸ் ஆர் (DVD+R), மைனஸ் ஆர் (DVD-R) என்று இரண்டு வகை. நான் வாங்கியிருந்தது பிளஸ் ஆர் டிஸ்க், அதுதான் வினை. மைனஸ் ஆர் 1997-இல் வந்தது, பிளஸ் ஆர் 2002-இல்தான். ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள் ஓரத்தில் 'நான் இன்ன வகை' என்று ஒரு குறிப்பு இருக்கும், புக் டைப் என்பார்கள். பழைய பிளேயர் சில அதைப் படித்துவிட்டு, தெரியாத வகை என்றால் கையை விரித்துவிடும். பிளஸ் ஆரில் அந்தக் குறிப்பை 'டிவிடி-ரோம்' (DVD-ROM, கடையில் விற்கும் சினிமா டிஸ்க் வகை) என்று மாற்றி எழுதிப் பிளேயரை ஏமாற்ற சில ரைட்டர்களில் வசதி உண்டு, மைனஸ் ஆரில் அது முடியாது. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது, அடுத்த தடவை மைனஸ் ஆர் வாங்கிப் போட்டேன், பிளேயர் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. நீங்கள் அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் போட்டிருந்தால் இன்னும் மோசம். அதில் லேசர் ஒளி திரும்பி வருவதே குறைவு, வயசான லென்ஸுக்குக் கண் தெரியாது.

இதையெல்லாம் போனில் பேசித் தீர்த்திருக்கலாமே என்பீர்கள். ரோமிங் என்று ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஊரில் வீட்டுத் திண்ணையில் தமிழ்நாட்டு டவர், கிணற்றடிக்குப் போனால் கேரளா டவர். நான் கூப்பிட்டாலும் காசு, அத்தான் கூப்பிட்டு நான் எடுத்தாலும் காசு. மலைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு 'கேரளாவுக்கு வரவேற்கிறோம்' என்று மெசேஜ் வாங்கியவன் பாட்டைச் சென்னைக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. "டிஸ்க்கை எடுத்துத் திருப்பிப் போடுங்க அத்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள் பேலன்ஸ் தீர்ந்துவிடும். இப்போது அந்தக் காசு இல்லை. போனது போனதுதானே, யார் திருப்பித் தந்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது தடவை. மைனஸ் ஆர், மலிவாகக் கிடைத்த ஐம்பது டிஸ்க் கட்டு, ரைட்டரில் இருந்த அதிகபட்ச 16 வேகம். அத்தான் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஓடியது, தாலி கட்டு ஓடியது. எங்கள் பக்கத்து ஆட்கள் மேடையேறி மொய்க் கவர் கொடுத்தது அத்தனையும் ஓடியது. அடுத்து மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் வரிசையில் வரத் தொடங்கினார்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்து, அத்தானின் பெரியப்பா பாதி முகத்தோடு நின்றுவிட்டார். அடுத்த டிஸ்க்கைப் போட்டோம், அதே இடம். கூடத்தில் சத்தமே இல்லை. அத்தானின் அம்மா மெதுவாகக் கேட்டார்கள்: "ஒங்க ஆட்கள் வரைக்கும் நல்லா ஓடுது, எங்க ஆட்கள் வாறப்போ மட்டும் நின்னு போவுதே, அது என்ன கணக்கு தம்பி?"

கணக்கு இதுதான், அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டிவிடி நடுவிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி எழுதப்படுவது. இரண்டு மணி நேர வீடியோவில் கடைசியில் வருகிறவர்கள் டிஸ்க்கின் வெளி விளிம்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். 16 வேகம் என்றால் ரைட்டர் அந்த வேகத்தை எட்டுவதும் விளிம்புப் பக்கம் போன பிறகுதான். மலிவு டிஸ்க்கில், எழுதுவது பதியும் சாயப் பூச்சு மோசமாக இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான், கை படுவதும் அங்கேதான். ஸ்டுடியோக்காரர் பெண் வீட்டாரை முதலில் மேடையேற்றியதற்கு நானா பொறுப்பு? கம்ப்யூட்டர் டிரைவ் திரும்பத் திரும்பப் படித்துச் சமாளித்துவிடும், அதனால்தான் வீட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது என்பதையும் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

16-க்குப் பதில் 8 வேகத்தில் எழுதினால் கூடுதலாக ஆவது இரண்டு மூன்று நிமிடம்தான். எழுதி முடித்ததும் 'வெரிஃபை' கொடுங்கள், அதற்கும் சில நிமிடம். டிஸ்க் மேல் போட்டோ ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் சுற்றும்போது ஆடும். அப்புறம், அசல் டிஸ்க் அந்த பிளேயரில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அசல் ஓடி, காப்பி ஓடாவிட்டால் பெரும்பாலும் நான் சொன்னவற்றில் ஒன்று. அசலே திக்கினால், அழுக்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துவிட்டு, வேறு டிரைவில் போட்டு இன்றைக்கே ஐஎஸ்ஓ எடுத்து வையுங்கள். அந்தச் சாயம் வருஷக்கணக்கில் வெளுத்துக்கொண்டே போகும்.

நாலாவது தடவை நல்ல டிஸ்க், 8 வேகம், வெரிஃபை எல்லாம் முடித்துக் கொண்டுபோனேன். கடைசி நிமிடம் வரை ஓடியது. பந்தி வந்ததும் அத்தை "நிப்பாட்டு" என்றார்கள். அத்தான் ரிமோட்டை அழுத்தினார். "எங்க பெரியத்தான் இலையைப் பாரு. ரெண்டாம் பாயசம் விழுந்திருக்கா?" விழவில்லை. டிஸ்க் சுத்தமாக இருந்ததால் இலையின் நரம்பு வரை தெரிந்தது. அதற்கும் இன்றுவரை நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் டிஸ்க்கின் மேல் பிளஸ் போட்டிருக்கிறதா மைனஸா என்று பார்த்து எழுதுங்கள். பிளேயர் எந்த வருடம் வாங்கியது என்பதையும் மாமனாரிடம் பக்குவமாகக் கேளுங்கள்.