பார்வைக் குறைவுள்ள மகளுக்கு வீடியோ மேக்னிஃபையர் வாங்கலாமா?

கேள்வி: தில்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறோம். மகள் அரசு உதவி பெறும் தமிழ்ப் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே அல்பினிசம் (தோலிலும் கண்ணிலும் நிறமி குறைவு), கண்கள் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போட்டும் இரண்டு கண்ணிலும் 6/36தான். 40 சதவீத மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். ஒரு முகாமில் கொடுத்த டேப்லெட் அலமாரியில் கிடக்கிறது. பாடங்களை ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் அதையும் ஒதுக்கிவிடுகிறாள். எழுத்தைக் கேமராவில் பிடித்துத் திரையில் பெரிதாகக் காட்டும் வீடியோ மேக்னிஃபையர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மகளுக்குத் தடையாக இருப்பவை நான்கு தனித்தனி வேலைகள்: போர்டைப் பார்ப்பது, புத்தகம் படிப்பது, நோட்டில் எழுதுவது, தேர்வு எழுதுவது. கையடக்க வீடியோ மேக்னிஃபையர் இவற்றில் இரண்டாவதற்கு மட்டுமே உதவும். அதையும்விட முக்கியம், அல்பினிசத்தில் எழுத்து சிறியதாக இருப்பது பாதிச் சிக்கல்தான், கண்கூச்சம் மறுபாதி. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு வெளிச்சத்தைக் கவனிக்காமல் விட்டால் எந்தக் கருவியும் அலமாரிக்குத்தான் போகும்.

போர்டிலிருந்து தொடங்குவோம். 6/36 என்றால், மற்றவர்கள் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை அவள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டரில் உள்ள முதல் பெஞ்சுக்கு வந்ததுமே எழுத்து மூன்று மடங்கு பெரிதாகிவிடும். செலவில்லாத உருப்பெருக்கம் இது. ஆனால் முதல் பெஞ்சில் எந்த இடம் என்பதும் முக்கியம். கண் ஆடும் குழந்தைகள் பலருக்கு அந்த ஆட்டம் குறைகிற ஒரு கோணம் உண்டு. அதற்காகவே முகத்தை ஒரு பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். 'நேராகப் பார்' என்று அதட்டக் கூடாது, நேராகப் பார்த்தால் பார்வை மங்கும். முகத்தை இடப்பக்கம் திருப்புகிறாள் என்றால் வகுப்பின் இடப்பக்கத்தில் உட்கார வையுங்கள், வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கத்தில். அப்போது கழுத்தைத் திருப்பாமலே போர்டு அவளுக்கு வசதியான கோணத்தில் வந்துவிடும். ஜன்னல் அவள் முகத்துக்கு எதிரே இருக்கக் கூடாது; முதுகுப் பக்கம் இருக்கட்டும். போர்டு ஒரு மூலையில் பளபளக்கிறதா என்று அவள் இடத்தில் உட்கார்ந்தே பாருங்கள். நின்று பார்த்தால் தெரியாது.

இதற்கு மேலும் தேவைப்பட்டால் 4×12 மோனோகுலர், அதாவது ஒரு கண்ணால் பார்க்கும் சிறிய தொலைநோக்கி, பயன்படும். கணக்குப்படி 6/36 பார்வையை அது 6/9 அளவுக்குக் கொண்டுவரும். கண் ஆடுவதால் கைப்பழக்கம் வர நாளாகும். முதலில் தெருவில் பஸ் எண், கடைப் பெயர்ப் பலகை என்று பழக்கிவிட்டு அப்புறம் வகுப்புக்கு அனுப்புங்கள். நீண்ட பத்தியைப் போர்டிலிருந்து பார்த்து எழுத இது சரிவராது. அதற்கு ஆசிரியர் எழுதும்போதே வாய்விட்டுப் படிப்பதும், தோழியின் நோட்டைப் பக்கத்தில் வைத்து எழுத விடுவதும்தான் வழி.

இனி ஏ3. ஏ4 பக்கத்தை ஏ3 ஆக்கினால் தாளின் பரப்பு இரண்டு மடங்காகும், எழுத்தின் உயரம் 1.4 மடங்குதான். 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 15 புள்ளியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். புத்தகத்தை 40 செ.மீ. தூரத்திலிருந்து 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அதைவிட அதிகமாக, இரண்டு மடங்கு கிடைக்கும். போதாக்குறைக்கு ஏ3 தாள் பள்ளி மேசையில் பரப்ப முடியாமல் கீழே வழியும். ஜெராக்ஸில் முதலில் தேய்ந்து போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து ெ, ே இரண்டுக்கும் உள்ள சுழி வித்தியாசம். 'பட்டம்' 'படடம்' ஆகிவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் குழந்தை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அவள் ஒதுக்கியது சரிதான். முக்கியமான பாடங்களை மட்டும் 18 முதல் 24 புள்ளியில், தடித்த எழுத்தில், ஒன்றரை வரி இடைவெளியோடு தட்டச்சு செய்து, பளபளப்பில்லாத வெளிர்மஞ்சள் ஏ4 தாளில் எடுத்துக் கொடுங்கள்.

கிட்டே வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். கெடாது. குனிந்தே இருப்பதால் கழுத்து வலிக்கும். அதற்கு அகலமான லீவர் ஆர்ச் ஃபைல் ஒன்றை மேசையில் படுக்க வைத்தால் ஏறக்குறைய 15 டிகிரி சரிவு கிடைக்கும். அதன்மேல் புத்தகத்தை வையுங்கள். பள்ளியில் மரப்பலகை செய்து தந்தால் இன்னும் நல்லது.

கண்கூச்சத்துக்கு நான் முதலில் சொல்வது ஒரு கறுப்பு அட்டை. பளபளப்பில்லாத கறுப்புச் சார்ட் தாளில் 18 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. உயரத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, பக்கத்தின்மேல் வைத்து வரி வரியாக நகர்த்திப் படிக்க வேண்டும். சுற்றியுள்ள வெள்ளைத் தாள் மறைந்துவிடுவதால் எழுத்து எடுப்பாகத் தெரியும். வெட்டு இதைவிடக் குறுகினால் மேலே 'கி'யின் வளைவும் கீழே 'கு'வின் வளைவும் வெட்டுப்படும். எழுதுவதற்கு 1 மி.மீ. கறுப்பு ஜெல் பேனா, தடித்த கோடு போட்ட நோட்டு. மைதானத்தில் விளிம்புள்ள தொப்பி. சீருடை விதி குறுக்கே வந்தால் முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள்.

டேப்லெட்டை வெளியே எடுங்கள். முகாம்களில் கொடுக்கும் டேப்லெட்களில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானை முடுக்கிவிட்டே தருவது உண்டு. அது இயங்கும்போது ஒரு தட்டலுக்குப் படிக்கும், இரண்டு தட்டலுக்குத்தான் திறக்கும். ஓரளவு பார்வை உள்ள குழந்தைக்கு இது எரிச்சல். இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்து 3 விநாடி அழுத்தினால் பெரும்பாலான டேப்லெட்களில் நின்றுவிடும். நிற்காவிட்டால் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் நிறுத்துங்கள். அங்கேயே நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியை இயக்கினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். அல்பினிசம் உள்ள பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். பெரிதாக்கலையும், தொட்ட பத்தியை மட்டும் வாசிக்கும் செலக்ட் டு ஸ்பீக்கையும் இயக்கி, தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். திரைக்குப் பளபளப்பைக் குறைக்கும் மேட் கார்டு (திரை உறை) ஒட்டுங்கள். கேமராவைத் திறந்து, புத்தகத்துக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் ஒரு தாங்கியில் வைத்துப் பெரிதாக்கினால் நீங்கள் கேட்ட வீடியோ மேக்னிஃபையரின் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. பள்ளியில் மின்சாதனங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, இது உதவிக் கருவி என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஃப்ளைட் மோடில் வைக்கிறோம் என்றும் சேர்த்து எழுதினால் மறுக்கக் காரணம் இருக்காது.

தமிழ்ப் பாடத்தைக் குரலில் கேட்க வைக்கும்போது ஒரு தடங்கல் வரும். பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பழைய எழுத்துரு. குரல் அதைக் கன்னாபின்னாவென்று வாசிக்கும். அத்தகைய கோப்பைப் பாடம் பாடமாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தை அடையாளம் கண்டு தரும். மெய்யெழுத்தின் புள்ளி விடுபடும், பக்கவாட்டில் இரண்டு பத்திகளாகப் பிரிந்த பக்கம் கலங்கும். வீட்டில் ஒருவர் உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படிப் படியெடுக்க அனுமதிக்கிறது. ஆங்கிலப் பாடநூல்களுக்கு, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கான சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் உறுப்பினராகித் தேடலாம்.

பிறகு எய்ம்ஸின் ஆர்.பி. கண் மையத்திலோ தரியாகஞ்ச் ஷ்ராஃப் கண் மருத்துவமனையிலோ குறைபார்வைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். பாடப்புத்தகம், நோட்டு, இப்போதைய கண்ணாடி மூன்றும் கையில் இருக்கட்டும். சோதனை அட்டையை மட்டும் படிக்க வைத்து அனுப்பிவிட விடாதீர்கள். சொந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துப் பார்க்கட்டும். நிறக்கண்ணாடி எந்தச் சாயலில், தாளின்மேல் வைத்துப் பார்க்கும் குவிமாட வடிவ மேக்னிஃபையர் கூசுகிறதா, படிப்பதற்குத் தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கேளுங்கள். +16 டயாப்டர் திறனுள்ள லென்ஸ் எழுதித் தந்தால் அது 4 மடங்கு பெரிதாக்கும். தாளிலிருந்து லென்ஸ் 6 செ.மீ.யில் நிற்க வேண்டும், தள்ளினால் மங்கும்.

மருத்துவமனை எழுதித் தரும் அந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் அடுத்த முகாமில் சரியான பொருளைக் கேட்க முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிப் திட்டத்தில் ஒரு தேவைக்குக் கருவி வாங்கினால் அதே தேவைக்கு 3 வருஷம் மறுபடி கிடைக்காது. 12 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருஷம். பொருந்தாததை இலவசம் என்பதற்காக வாங்கி வந்தால் அத்தனை காலம் காத்திருக்க நேரும். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியும் பள்ளி வழியாக உண்டு. உங்கள் பள்ளியின் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் மதிப்பீட்டு முகாம் எப்போது என்று கேட்டு, பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தேர்வு இன்னும் தூரம் என்று இருந்துவிடாதீர்கள். சிபிஎஸ்இ தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல். 3 மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். மேக்னிஃபையருக்கு அனுமதி உண்டு. மருத்துவர் பரிந்துரையோடு இணையம் இல்லாத கணினியையும் பயன்படுத்தலாம். தமிழ்த் தாளைக் கணினியில் எழுதும் எண்ணம் இருந்தால் தமிழ்99 விசைப்பலகையை இந்த வருஷமே தொடங்குங்கள். ஒரு மொழி மட்டும் போதும் என்ற சலுகையைக் காட்டித் தமிழை விடச் சொல்வார்கள். அவளே விரும்பினால் ஒழிய விடாதீர்கள். எழுத்து பெரிதாகக் கிடைக்காதது மொழியின் குற்றம் அல்ல. 9ஆம் வகுப்பில் வாரியத்துக்குப் பெயர் பதியும்போதும், 10இல் தேர்வர் பட்டியல் அனுப்பும்போதும் மாற்றுத்திறனாளிப் பிரிவு நிரப்பப்பட்டிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அங்கே விடுபட்டால் தேர்வு நேரத்தில் அலைய வேண்டிவரும். கொடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பள்ளி முத்திரையிட்ட நகல் வாங்கி வையுங்கள்.