டீக்கடை பெஞ்சில் இடம் இல்லாதவர்கள்

கேள்வி: எங்கள் ஊர் டீக்கடையில் அத்தனை பேரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டு என்றார்கள். நானும் அதே கட்சிதான். கடைசியில் டெபாசிட்டே போய்விட்டது. மக்கள் பொய் சொல்கிறார்களா, வாக்கு இயந்திரம் பொய் சொல்கிறதா?
வாசகர், அரியலூர்

பதில்: இயந்திரத்தை விடுங்கள். அந்த டீக்கடை பெஞ்சில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்திருந்தாரா? தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். களை பறிக்கும் வயலிலும் ரேஷன் கடை வரிசையிலும் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் அவர்கள் பேசுகிற அரசியலை ஊர்ப்பேச்சாக யாரும் மதிப்பதில்லை. இதை நான் எழுதும்போதெல்லாம், 'வீட்டுக்காரர் சொல்கிற சின்னத்துக்குத்தானே அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்' என்று கடிதம் வரும். வாக்குச்சாவடி மறைப்புக்குள் மனைவியோடு கணவர் நுழைய முடியாது, ஐயா!

பெஞ்சில் இருந்த ஆண்களிலும் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? கணக்கு வைத்து டீ குடிக்கிறவர் கடைக்காரரின் கட்சியைத் திட்டமாட்டார். கூலிக்குப் போகிறவர் நிலக்காரர் முன்னால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவார். உரக்கப் பேசிய நான்கு பேரோடு, பேசாமல் இருந்தவர்களையும் நீங்கள் உங்கள் பக்கம் எண்ணிக்கொண்டீர்கள்.

படித்தவர்களும் இதில் தப்பவில்லை. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதை நம்பி, அதிபர் தேர்தலில், பதவியில் இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்து நின்றவனிடம் தொலைபேசி ஏது, கார் ஏது? சீட்டு கிடைத்தவர்களிலும் பதில் போட மெனக்கெட்டவர்கள் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே அதிகம்.

வென்றவர்களுக்கும் இதே மயக்கம்தான். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அ.தி.மு.க. பிடித்தது. நாடே எங்கள் பக்கம் என்றார்கள். வாங்கிய வாக்கு சுமார் 44 விழுக்காடு. 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவர் போட்ட ஓட்டு எங்கே போயிற்று?

இதனால்தான், கட்சி வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடங்களைப் பகிர்ந்து தரும் விகிதாசாரத் தேர்தல் முறை வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் விடாமல் எழுதுகிறேன். 'நிலையான ஆட்சி அமையாது' என்று விடாமல் மறுப்பு எழுதுகிறவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். அங்கே 1989 முதல் நாடாளுமன்றத்துக்கு விகிதாசார முறைதான். 2024இல் தேசிய மக்கள் சக்தி 61 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியது. 225 இடங்களில் 159 கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கைவிட அது அதிகம்.