அத்தை மகனுக்கு 64,000, என் மகளுக்கு 2,300

அம்மா, சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்திருந்தபோது வெளியே இரண்டு பேர் காத்திருந்ததால் பேச்சைப் பாதியில் முடிக்க வேண்டியதாகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது. "அவ அத்தை பையனுக்கு இன்ஸ்டாகிராம்ல 64,000 பேர் இருக்காங்க. இவ ரெண்டு வருஷமா டேலி கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டின்னு யூடியூப்ல வீடியோ போட்டும் 2,300 பேர்தான். இந்த நேரத்துல பேங்க் எக்ஸாமுக்காவது படிச்சிருக்கலாம்ல?"

முன்பெல்லாம் பிள்ளைகளின் படிப்பு, வேலை பற்றிக் கேட்க என்னிடம் வரும் பெற்றோர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இப்போது அந்த இடத்தை ஃபாலோயர் கணக்கு பிடித்துக்கொண்டது. மார்க்குக்காவது பின்னால் ஒரு பரீட்சை இருந்தது.

அன்றைக்கு நானும் உங்கள் மகளும் அவள் போனில் சேனலின் கணக்கெல்லாம் காட்டும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் என்ன பார்த்தோம் என்று உங்களுக்குச் சொல்லவே இல்லை. கடைசி 90 நாட்களில் அன்றாடம் எத்தனை பார்வை என்று காட்டும் வரைபடம் அது. மாதம் தவறாமல் இரண்டு மேடு: 9, 10, 11 தேதிகளில் ஒன்று, 18இலிருந்து 20 வரை இன்னொன்று. நடுவில் பள்ளம். "அந்த நாள்ல நான் வீடியோவே போடலையே சார்" என்று அவளே குழம்பினாள். எனக்கும் ஒரு நிமிடம் பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மாதாமாதம் கணக்குக் காட்டும் வியாபாரிகளுக்கு விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் 11, வரி கட்டும் சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20.

இத்தனை நாள் தன் வீடியோவைப் பார்ப்பது தன்னைப் போன்ற பி.காம் மாணவர்கள் என்று அவள் நினைத்திருந்தாள். பார்ப்பது யார் தெரியுமா? ஹார்டுவேர் கடையிலும் பருப்பு மண்டியிலும் பில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளைகள். கமெண்டில் ஒருவர், "சிஸ்டர், போன மாசம் விட்டுப்போன பில்லை இந்த மாசம் காட்டலாமா? ஓனர் பக்கத்துலயே நிக்கிறார்" என்று கேட்டிருக்கிறார். இவள் பதில் போட்டிருக்கிறாள். அரை மணி நேரத்தில் "சரியா வந்துடுச்சு, நன்றி" என்று அவர் திரும்ப வந்து சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

அடுத்து, இவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று பார்த்தோம். பாதிக்கு மேல் யூடியூப் தேடலில் தாங்களே தட்டச்சு செய்து வருகிறவர்கள். அதாவது, தேவைப்பட்டுத் தேடி வருகிறார்கள். அதனால்தான் ஒன்றரை வருடத்துக்கு முன் போட்ட வீடியோ இன்றும் ஓடுகிறது. திரும்பத் திரும்ப வருகிறவர்கள் எத்தனை பேர் என்றும் அங்கேயே ஒரு கணக்கு இருக்கிறது. அதுவும் மாதம் கூடிக்கொண்டுதான் போகிறது.

உங்கள் நாத்தனார் மகனை நான் குறைத்துப் பேசவில்லை. நீங்கள் காட்டிய ரீலில் அவன் பேசும் டைமிங் எனக்கும் பிடித்தது. ஆனால் அவனுடைய கடைசிப் பதிவுகளுக்கு 300 லைக் சுற்றித்தான் இருந்தது. 64,000 பேரில் அது அரை சதவீதம்கூட இல்லை. எப்போதோ ஒரு ரீல் வைரலானபோது வந்தவர்கள் இப்போது அவனை மறந்திருக்கலாம். அவனுடைய ரீலை எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் நண்பருக்கு அனுப்பினார்கள் என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கை அரசு தடை செய்தபோது லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களின் கணக்கு ஒரே ராத்திரியில் முடங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். எடிட்டிங்கும் பேச்சும் கையில் இருந்தவர்கள் வேறு இடத்தில் மறுபடி கடை விரித்தார்கள்.

சரி, பணம். விளம்பர வருமானத்துக்கு யூடியூப் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் கேட்கிறது. ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோ வரிசையில் ஓடும் பார்வை நேரம் இந்த 4,000இல் சேராது. உங்கள் மகளின் வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார். அப்படியென்றால் வருடத்துக்கு 60,000 பார்வை தேவை. அவள் இப்போது 3,100 மணி நேரத்தில் நிற்கிறாள், எட்டிவிடுவாள். ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்று அவளும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம்.

குறையும் இருக்கிறது. வீடியோவை எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் முதல் 40 நொடியில் கிணற்றில் விழுவதுபோல் விழுகிறது. ஏனென்றால் அந்த 40 நொடியும் இசை, வணக்கம் நண்பர்களே, பெல் பட்டனை அழுத்துங்கள். கடைசி நாளில் பில்லோடு தவிக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு? வெட்டச் சொல்லியிருக்கிறேன். வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயில் கண்ணில் பட்ட 100 பேரில் 2 பேர்தான் தட்டுகிறார்கள். பாதிச் சேனல்களுக்கு இது 2இலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. இவள் அடிமட்டத்தில் இருக்கிறாள். கேள்வியையே பெரிய எழுத்தில் தம்ப்நெயிலில் போட்டுப் பார்க்கட்டும்.

படிப்பை நிறுத்தும் பேச்சே வேண்டாம். பி.காம் முடியட்டும், சிஎம்ஏ என்ற செலவுக் கணக்கர் படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டர் எழுத ஆசை என்றாள், அதுவும் நடக்கட்டும். வீடியோவுக்கு வாரத்தில் இரண்டு மாலை போதும். பயோடேட்டாவில் "2,300 சந்தாதாரர்கள்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் சிறு கடைக் கணக்கர்களுக்குத் தமிழில் விளக்கம், பாதிக்கு மேல் தேடல் வழியாக வருகிறார்கள், பார்வையாளர் கேள்விகளுக்கு நேரடிப் பதில்" என்று எழுதினால் ஆடிட்டர் ஆபீஸிலும் கேட்பார்கள், கணக்கு மென்பொருள் பயிற்சி தருகிற இடத்திலும் கேட்பார்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் பக்கம் போகும் எண்ணம் வந்தால், இணையதளத்துக்கு வருகிறவர்களை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் சான்றிதழை, கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசமாகவே எடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். ஷேர் டிரேடிங் ஆப்பைப் பற்றிப் பேசினால் பணம் தருவதாக வந்த மெசேஜை அவள் எனக்குக் காட்டினாள். முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எதைப் பற்றிப் பேசினாலும் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. அந்த மெசேஜுக்குப் பதிலே போட வேண்டாம்.

அடுத்த மாதம் 20ஆம் தேதி தாண்டி இருவரும் வாருங்கள், 40 நொடியை வெட்டியபிறகு வரைபடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு முன் வேண்டாம், பிள்ளைக்கு அது சீசன்.