பைக் டயருக்குக் காற்று எவ்வளவு? பட்டறைக் கேள்வி பதில்

நீடாமங்கலத்தில் பட்டறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்ஜினைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள். காற்று என்றால் மட்டும் "முன்னாடி 25, பின்னாடி 30 வைங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். இந்த முறை காற்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்தவை இவை.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, டயர் ஓரத்திலேயே ஒரு பிரஷர் அளவு அச்சாகியிருக்கிறது. அதையே வைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. அது அந்த டயர் தன் உச்ச சுமையைத் தாங்குவதற்கான அளவு. டயர் கம்பெனிக்காரனுக்கு உன் வண்டி எது என்று தெரியாது. வண்டி செய்தவன் சொல்லும் அளவு தனியாக இருக்கும். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், சேற்றைத் துடைத்துப் பார். ஸ்டிக்கர் போய்விட்டதென்றால் வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். ஸ்ப்ளெண்டர் போன்ற நூறு சிசி வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனி ஆள் என்றால் 28, டபுள்ஸ் என்றால் ஏறக்குறைய 40. பழைய புத்தகத்தில் 1.75, 2.00 என்று கிலோ கணக்கில் போட்டிருந்தால் 14.2 ஆல் பெருக்கிக்கொள். கடைக்காரர் சொல்லும் 'பாயிண்ட்', அதாவது psi, வந்துவிடும்.

பாபநாசம் பக்கம், பால் ஊற்றுபவர்: முப்பது லிட்டர் கேன் இரண்டு தினமும் பின்னால் போகிறது. பின்னால் 28தான் வைக்கிறேன். டயர் நடுவில் பட்டன் (மேலே புடைத்திருக்கும் ரப்பர் கட்டை) நன்றாக இருக்கிறது, இரண்டு ஓரமும் மொட்டையாகிவிட்டது. டயர் மட்டமா?

டயர் மேல் பழி போடாதீங்க அண்ணே. ஓரம் இரண்டும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் மொட்டையானால் காற்று அதிகம். உங்களுடையது முதல் ரகம்.

கணக்குப் போடுங்கள். அறுபது லிட்டர் பால் கிட்டத்தட்ட 62 கிலோ, கேன் எடை தனி. பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். ஆள் உட்கார்ந்தால்தான் டபுள்ஸ் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. யூரியா மூட்டை 45 கிலோ, அதுவும் டபுள்ஸ்தான். தினமும் சுமை ஏற்றுகிறவர்கள் ஸ்டிக்கரில் டபுள்ஸுக்குப் போட்ட அளவையே பின்னால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது காலிக் கேனோடு கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடும், பொறுத்துக்கொள்ளலாம். முன் டயரை ஏற்ற வேண்டாம். ஆனால் மூன்று மூட்டை ஏற்றிவிட்டு 50 வைத்தால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்காதீர்கள். டயர் தாங்கினாலும் ரிம்மும் ஸ்போக்கும் தாங்காது.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் வண்டி வழுக்குகிறது. காற்றை இறக்கினால் பிடிப்பு வருமாமே?

தார் ரோட்டில் மழைக்கென்று காற்றை இறக்கவே கூடாது. குறைந்த காற்றில் டயர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளாமல் அதன் மேலேயே ஏறும், திருப்பத்தில் வண்டி ஆடும்.

கரை விஷயம் வேறு. தனியாக, சுமையில்லாமல், மெதுவாகப் போவதானால் நான்கைந்து பாயிண்ட் இறக்கலாம். டயர் கொஞ்சம் அகலமாகப் படியும். ஆனால் நம் ஊர்க் களிமண் டயர் பட்டனை அடைத்து மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் எந்தக் காற்றும் உதவாது, குச்சியால் சுரண்டத்தான் வேண்டும். டியூப் டயர் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருமுறை தாளடி நடவு சமயத்தில் நானே பின் டயரைப் பதினைந்துக்கு இறக்கிவிட்டுப் போனேன். ரிம் சுற்ற, டயர் நகராமல் நிற்க, வால்வு முதலில் சாய்ந்தது, அப்புறம் கழுத்தோடு பிய்ந்துகொண்டது. சேற்றில் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வால்வு ரிம்மில் நேராக நிற்காமல் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள். தார் ரோடு ஏறியதும் காற்றை ஏற்றிவிடுங்கள்.

தஞ்சாவூர்: சித்திரை வெயிலில் டயர் வெடிக்கும், காற்றைக் குறைத்து வை என்கிறார்களே?

நேர்மாறு. காற்று குறைந்த டயர்தான் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி, அந்த மடிப்பிலேயே சூடேறும். ஸ்டிக்கர் அளவு என்பது ஆறிய டயருக்கு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். 10 டிகிரி ஏறினால் ஒன்று, ஒன்றரை பாயிண்ட் தானாகவே ஏறும். கும்பகோணத்திலிருந்து ஓட்டி வந்து நிறுத்தி, 28 வைத்தது 31 காட்டுகிறதே என்று காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் 25தான் இருக்கும். ஆனால் சூட்டிலேயே ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே காட்டினால் தயங்காமல் அடியுங்கள்.

ஒரத்தநாடு, ஸ்கூட்டர் ஓட்டும் அக்கா: கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் போதாதா? பெட்ரோல் பங்குக்குப் பங்கு மீட்டரும் வேறு வேறாகக் காட்டுகிறது.

அக்கா, இத்தனை வருடம் அமுக்கிய என் விரலுக்கே 22க்கும் 30க்கும் வித்தியாசம் தெரியாது. சின்னதாக ஒரு கேஜ் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். அது ஒரு பாயிண்ட் கூடக் குறையக் காட்டினாலும் தினமும் ஒரே மாதிரி காட்டும், அதுதான் நமக்கு வேண்டும். வாரம் ஒருமுறை, காலையில் கோலம் போட்ட கையோடு பார்த்துவிடலாம்.

நைட்ரஜன் அடிக்கலாமா?

நாம் அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காசு மிச்சம் பண்ணுங்கள்.

வேதாரண்யம்: பஞ்சர் இல்லை, ஆனால் நான்கு நாளில் பத்து பாயிண்ட் இறங்கிவிடுகிறது.

முதலில் வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் எழும்பினால் வால்வுக்குள் இருக்கும் பின் (ஊசி) கெட்டுவிட்டது, சின்னச் செலவு. உங்கள் ஊர் உப்புக்காற்றில் மூடியில்லாத வால்வு சீக்கிரம் கெடும், மூடி போட்டே வையுங்கள். குமிழ் வரவில்லையா, டயரைக் கழற்றி உள்பக்கம் துணியால் துடையுங்கள். சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளே நின்றுகொண்டு, சுமை ஏறும்போது மட்டும் டியூபைக் குத்தும். துணி மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். வெறும் கையால் தடவாதீர்கள்.