கட்டிலுக்கு அடியில் ஒரு பை

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. உலகமே அழிந்த பிறகு மிஞ்சிய பிள்ளைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று சொல்லும் ஆங்கில நாவல்களையே ஓயாமல் படிக்கிறாள். போன வாரம் வீடு கூட்டும்போது அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பை அகப்பட்டது. டார்ச், தீப்பெட்டி, கயிறு, பிஸ்கட், கூடவே நான் தினமும் போடும் தைராய்டு மாத்திரையில் ஓர் அட்டை! பயமாக இருக்கிறது. புத்தகங்களைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பிடுங்கினால் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பாள். டார்ச்தான் கைவசம் இருக்கிறதே.

இந்த வகைக் கதைகளில் முதல் வேலையாகப் பெரியவர்களை அப்புறப்படுத்திவிடுவார்கள். 1975இல் வந்த ‘தி கேர்ள் ஹூ ஓன்ட் எ சிட்டி’ நாவலில் ஒரு நோய் 12 வயதைத் தாண்டிய அத்தனை பேரையும் கொண்டுபோய்விடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ‘இசட் ஃபார் ஜக்கரையா’வில், அணுகுண்டுப் போருக்குப் பின் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போன பெற்றோர் திரும்பவே இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் தனியாக மிஞ்சுகிறாள் 16 வயது ஆன். தோட்டம் போடுகிறாள், பால் கறக்கிறாள், டிராக்டர் ஓட்டி உழுகிறாள். நடுவில் ஓர் அந்நியன் வந்து சேர்கிறான். கதிர்வீச்சு நோயில் விழுந்தவனுக்குப் பணிவிடை செய்கிறாள். தேறி எழுந்தவன் அவளையே அடக்கி ஆளப் பார்க்கிறான். இருப்பதா, கிளம்புவதா? யாரிடமும் கேட்க வழியில்லை. கடைத்தெருவுக்குப் போவதற்கே அனுமதி கேட்க வேண்டிய வயதில் இதைவிடச் சுவையான கதை கிடைக்குமா?

என் கண் அந்த மாத்திரை அட்டையை விட்டு நகரவில்லை. நாவலாசிரியர்கள் முதல் அத்தியாயத்திலேயே அம்மாவைத் தீர்த்துக்கட்டிவிடுகிறார்கள். உங்கள் மகளின் கணக்கிலோ, உலகம் அழிந்த மறுநாள் காலையிலும் நீங்கள் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறீர்கள்!

எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் மாத்திரை விஷயத்தில் ஊகம் போதாது. இன்றே அவளிடம் கேட்டுவிடுங்கள். விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். “பையைப் பார்த்தேன், மாத்திரை யாருக்கு?” என்றால் போதும். பதிலில் வாழ்க்கையே வெறுத்த தொனி இருந்தாலோ, கொஞ்ச நாளாகத் தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இல்லையென்றால், அவள் படித்து முடித்த நாவல் ஒன்றை நீங்களும் இரவல் கேளுங்கள். எந்தப் பாத்திரம் எங்கே தப்பு செய்தது என்று மணிக்கணக்கில் பேசுவாள். மாத்திரையை மட்டும் திரும்ப வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. பதிலுக்கு மருந்துச் சீட்டின் நகல் ஒன்றைக் கொடுங்கள், பையில் இருக்கட்டும். அப்படியே அந்த பிஸ்கட்டையும் ஒரு பார்வை பாருங்கள். இந்நேரம் எறும்பு ஏறியிருக்கும்.